இடது முன்சக்கரம்

தொண்ணூறுகளின் நடுவில், என் கணவர் வேலை பார்த்த போர்வெல் கம்பெனியை மூடிவிட்டார்கள். முதலாளி கையை விரித்துவிட்டு, சம்பள பாக்கிக்குப் பதிலாக, ஷெட்டுக்கு வெளியே ஒரு வருடமாக மழையில் நனைந்துகொண்டிருந்த ஜீப்பைக் கொடுத்து அனுப்பினார். மணலோ சேறோ, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மந்தைவெளியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு, "இதை வாடகைக்கு ஓட்டிப் பொழச்சுக்கலாம்" என்றார். நான் மயிலாப்பூரில் டீச்சர். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

முதல் வாரமே வண்டி இடது பக்கம் இழுத்தது. அடையாறு பாலத்தில் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தில் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

தெருமுனை மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நாலு வீல் கியர் விடல சார். அதான் முன்னாடி புடிச்சிக்கினு கீது" என்றார். முன்பக்கம் போகிற ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். அப்படியும் பிடித்தது. பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்தார்கள். பிடித்தது. மூன்றாவது முறை போனபோது மெக்கானிக்குக்கும் அலுத்துவிட்டது. "பழைய வண்டி சார். வித்துட்டு வேற வேலையப் பாரு."

அந்த வார்த்தை அவருக்குள் எங்கோ போய்த் தைத்தது. மறுநாளிலிருந்து தானே இறங்கிவிட்டார். நான் பள்ளி விட்டு வரும்போது வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். "வந்துட்டியா? கொஞ்சம் அந்த வீலைச் சுத்து." கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஜாக்கியில் தூக்கி நிறுத்திய சக்கரத்தைச் சுற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். புடவையில் கிரீஸ் ஒட்டும். காலையில் சுலபமாகச் சுற்றியது மாலையில் முரண்டு பிடிக்கும். அவர் சவரம் செய்வதை நிறுத்தியிருந்தார். மகாபலிபுரம் பக்கம் சைட் பார்க்க ஒரு கான்ட்ராக்டர் பத்து நாளைக்கு ஜீப் கேட்டு ஆள் அனுப்பினார். "வண்டி இன்னும் சரியாகல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"உங்களுக்கு வண்டி ஓடணுமா, இல்ல அதுக்கு அடியில படுத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"சுத்து" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை டிரைவர் சீட்டில் ஏற்றி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். விடச் சொன்னார். விட்டேன்.

"காலை எடு" என்றார், கீழே சக்கரத்தைச் சுற்றப் பார்த்தபடி.

"எடுத்தாச்சு."

"இல்ல, இன்னும் மிதிச்சிக்கிட்டு இருக்க."

"ரெண்டு காலையும் சீட்டு மேல வெச்சிருக்கேன். வந்து பாருங்க."

எழுந்து வந்து பார்த்தார். என் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்த சின்ன நட்டைத் தளர்த்தினார். பிரேக் ஆயில் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. சக்கரம் விட்டுக்கொடுத்தது.

குற்றம் கியரிலும் இல்லை, பேரிங்கிலும் இல்லை. பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய். பிளேடால் அறுத்துக் காட்டினார். வெளியே புதுசு போல இருந்தது. உள்ளே உப்பி, துளை ஊசிமுனை அளவுக்கு அடைந்திருந்தது. "மிதிச்சா ஆயில் உள்ள போகுது. காலை எடுத்தா திரும்பி வர முடியல. அதான் பிரேக் விடல" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் குரல் உற்சாகத்தில் உயர்ந்து கேட்டேன்.

மறுநாள் புதுப்பேட்டையில் குழாய் வாங்கிப் போட்டார். சாயங்காலம் பெசன்ட் நகருக்குப் போனோம். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. கடற்கரையில் இறங்கி நானே சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. சிரித்துக்கொண்டே திரும்பினால், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சரியாயிடுச்சு இல்ல?" என்றேன்.

"ஆயிடுச்சு. இனிமே என்ன பண்றது?"

"அந்த கான்ட்ராக்டரைக் கேளுங்களேன்."

"மத்தியானமே பூத்துல போன் பண்ணிக் கேட்டேன். வேன் எடுத்துட்டாங்களாம். இப்பல்லாம் ஜீப் யாருக்கு வேணும்னு சிரிச்சாரு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தோளையாவது பிடித்திருப்பேன். எங்களைச் சுற்றிக் கூட்டம் சோளம் தின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பள்ளி விட்டு வந்தால் அதே பாய், அதே சட்டை, வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே. டாக்டரிடம் கூப்பிட்டால், "எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்" என்பார். வண்டிக்கு அடியில் தெரிந்த அந்த இரண்டு பாதங்களுக்காக ஏங்கினேன். மறுபடியும் அந்த ஜீப் கெட்டுப்போகாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். அது கெடவே இல்லை.

பொங்கல் கழிந்து, செங்கல்பட்டு பக்கத்து ஆள் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஜீப் சத்தம் தெருவைத் தாண்டி மறைந்தபின் உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார்.

"வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.