பொய் சொல்லக்கூடாத வீராங்கனை

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில், தில்லையடியில் எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் மூன்று பேர் ஒரு விளையாட்டில் மூழ்கிக் கிடந்தோம். ஆலங்குடாக் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விடுதியில் விட்டுப்போனது அது. அங்கே வேலை செய்தவர் அதைத் தன் தங்கையிடம் கொடுத்தார். தங்கை என் வகுப்புத் தோழி. தடித்த விதிப்புத்தகத்தையும் பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகளையும் பையில் போட்டு, பஸ் ஏறி வந்தாள்.

ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள். செய்தது பலிக்குமா என்பதைக் கட்டை சொல்லும். கதை சொல்வது என் பொறுப்பு. மச்சி, அதாவது என் மாமி மகள், திருடியானாள். தோழி, படத்திலிருந்த வெள்ளிக் கவசத்தில் மயங்கி, கடவுளுக்குச் சத்தியம் செய்த வீராங்கனையைத் தெரிந்தெடுத்தாள். அந்த வீராங்கனை பொய் சொல்லக்கூடாது, களவுக்குத் துணைபோகக்கூடாது, மீறினால் காயம் ஆற்றும் சக்தி போய்விடும் என்பதைப் பிறகுதான் வாசித்தோம்.

“உன்னோட வந்தா ஒரு கோழியக்கூடக் களவெடுக்க ஏலாது,” என்று மச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

“கேட்டு வாங்கலாம்தானே?” என்பாள் தோழி. அவளுடைய வீராங்கனை உண்மையாகவே கோழிக்காரனிடம் போய்க் கேட்பாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒருநாள், போருக்குத் தப்பிய ஒரு குடும்பத்தை வலைகளுக்கு அடியில் ஒளித்து, வள்ளத்தில் கொண்டுபோகும் கட்டம் வந்தது. துறையில் சிப்பாய்கள் மறித்தார்கள். “வள்ளத்துக்குள்ள என்ன?” என்று சிப்பாயின் குரலில் கேட்டேன். பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்த உம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். சின்ன வயதில், தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வடக்கிலிருந்து விரட்டப்பட்டபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தவர் அவர்.

“வலை மட்டும்தான்,” என்றாள் தோழி.

விதிப்படி அவளுடைய சக்தியை எடுத்துவிட்டதாக அறிவித்தேன். மச்சி என்மேல் பாய்ந்தாள். “நல்லதச் செஞ்சதுக்குத் தண்டனையாடீ?”

“அந்த ஆக்கள் கரை சேர்ந்துட்டாங்களா?” என்று உம்மா இடையில் கேட்டார்.

“ஓம் உம்மா, சேர்ந்துட்டாங்க.”

உம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். தோழியும் நேரத்தோடு பஸ் பிடித்துப் போய்விட்டாள். அவள் இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

அடுத்த கிழமை வந்தாள். அதற்குள் நான் புத்தகத்தைத் துருவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பிழையை ஒப்புக்கொண்டு வருந்தினால் சக்தி திரும்பிவரும். சந்தோஷமாகச் சொன்னேன். அவளோ கோயிலில் பாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பழகிய கத்தோலிக்கப் பெண்.

“செஞ்சதுக்கு வருந்துற மனஸ்தாபம் இல்லாமப் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூடாதுடி. எனக்கு மனஸ்தாபம் இல்ல. திரும்பக் கேட்டாலும் வலையெண்டுதான் சொல்லுவன்.”

“அப்ப சக்தி?”

“இல்லாமலே விளையாடுறன்.”

அப்படித்தான் விளையாடினாள். ஒளி போன வாளோடு சண்டைக்குப் போய் அடிபட்டு வருவாள். மச்சியின் திருடி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அவளுக்காக மருந்து களவெடுப்பாள். எங்கிருந்து வந்த மருந்தென்று வீராங்கனை கேட்பதை விட்டுவிட்டாள். அந்த இருவருக்குமாகக் கதை சொல்வது எனக்கும் முன்னைவிடப் பிடித்திருந்தது.

கடைசி ஆட்டம் ஆலங்குடாவில், தோழி வீட்டு முற்றத்தில் நடந்தது. காற்று தாள்களைப் பறித்துக்கொண்டே இருந்தது. சிப்பிகளைப் பாரம் வைத்தோம். எதிரியின் கோட்டை விழுந்தது. வீராங்கனை உயிரோடு வெளியே வந்தாள், ஒரு கால் நொண்டி. தோழியின் அம்மா பாணும் பொரித்த மீனும் தந்தார்.

பெறுபேறு வந்தபின் தோழி கல்யாணமாகி இத்தாலிக்குப் போனாள். மச்சி இங்கேதான் ஆசிரியையாக இருக்கிறாள். போன பெருநாளுக்கு வந்தபோது, வீராங்கனையும் திருடியும் கோட்டைக்குப் பிறகு எங்கே போயிருப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். வேறொரு துறைக்குத்தான் என்றேன். “நொண்டிக் காலோட அவள் எப்படிடீ வள்ளம் ஏறுவா?” என்று கேட்டுவிட்டு, தானே ஒரு வழி சொல்லத் தொடங்கினாள்.