காதைக் குறை சொன்னார்கள்

மாசாய் என்ற ஊரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் ஆக்ஸிஜன் நிறுவனத்துக்கு யார் அழைத்தாலும் முதலில் கேட்பது பிரேமலாவின் குரல்தான். வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு மூச்சு விடும் நோயாளிகளின் குடும்பங்கள்தான் அங்கே வாடிக்கையாளர்கள். சிலிண்டர் தீரப்போகிறது என்றால் அழைப்பார்கள். பிரேமலா முகவரி கேட்டு லோரிக்குச் சொல்வாள். எல்லா அழைப்பும் பதிவாகும்.

தொலைபேசி வேலைக்கு அவள் வந்ததே ஆச்சரியம். இளமைக் காலம் முழுவதையும் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில், தறிகளுக்கு நடுவே கழித்தவள். ஆலையை மூடிவிட்டார்கள். தறிச் சத்தம் தந்த மந்தம் மட்டும் இரண்டு காதிலும் தங்கிவிட்டது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தால் பேச்சைப் பிடித்துவிடுவாள். தொலைபேசி என்றால் திணறுவாள். சாதாரணத் தொலைபேசி, குரலின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும்தான் அனுப்பும். ‘ஸ்’, ‘ஃப்’ என்று காற்றாக வரும் ஒலிகளைப் பிரித்துக் காட்டுவது அந்த மேல்விளிம்புதான். பிரேமலாவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. எல்லோரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றும்.

இந்த அலுவலகத்தில் இருந்தது இணையத் தொலைபேசி. குடும்பத்தார் நிறுவனத்தின் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அழைப்பு இணையம் வழியாகவே வந்து சேரும். குரல் வெட்டுப்படாமல் முழு அகலத்தோடு கேட்கும். நேர்முகத் தேர்வு அன்று முதலாளி மதிவாணன் ஹெட்செட்டைக் கொடுத்து ஒரு சோதனை அழைப்பை எடுக்கச் சொன்னான். பிரேமலா ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். காது மந்தம் என்பதையும் மறைக்கவில்லை.

“இதுல நல்லா கேக்குதுல்ல? அது போதும்லா அக்கா” என்றான் மதிவாணன்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவர் செல்லப்பனிடம், “பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்குங்க” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

சில வருடங்கள் நன்றாகப் போயின. பிறகு மதிவாணன் அலுவலகம் முழுக்கக் கேமரா மாட்டினான். மேசைகளுக்கு மேலே, தேநீர் கலக்கும் இடத்தில், படிக்கட்டில், கிடங்கில். கெலாங் பாத்தாவில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே யார் எழுந்து போகிறார்கள், யார் சிரித்துப் பேசுகிறார்கள் என்று கைப்பேசியில் பார்ப்பான். அந்தப் படங்கள் அலுவலக இணையத்தைத் தின்றன. அழைப்புகள் பாதியில் அறுந்தன. மதிவாணன் யாரிடமோ பேசினான். இரண்டொரு நாளில் அறுவது நின்றது. ஆனால் பிரேமலாவின் ஹெட்செட்டில் மறுபடியும் துணி அடைத்த குரல்கள்.

“பாஸ், லைன் மாறிப்போச்சு. முன்ன மாதிரி தெளிவா கேக்கல.”

“வேற யாரும் கம்ப்ளைன் பண்ணலயே அக்கா. ஷர்மினி, உனக்குக் கேக்குதா?”

பக்கத்து மேசை ஷர்மினி, “ஓகேதான் பாஸ்” என்றாள்.

“பாத்தீங்களா? வயசாகுதுலா. போய்க் காத செக் பண்ணிக்கங்க.”

பிரேமலா திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பேச்சு அவள் காதில் வந்துதான் முடிந்தது. கடைசியில், தன் காதுதான் இன்னும் கெட்டுவிட்டதோ என்று அவளே சந்தேகப்படத் தொடங்கினாள். பின்னாளில் அவளுக்கு ஆறவே ஆறாத கோபம் இதில்தான்.

ஒரு காலையில் ஜொஹரா என்ற பெண் அழைத்தார். கணவர் ஜமால் நுரையீரல் நோயாளி. அந்த வாரம்தான் மகள் வீட்டிலிருந்து ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிமாறியிருந்தார்கள். பிரேமலா புளோக் எது என்று கேட்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதியும் செய்துகொண்டாள்.

“எஃப் புளோக், நாலாவது மாடி. சரிதானே அக்கா?”

“ஆமாமா, சீக்கிரம் அனுப்புங்க.”

ஜொஹரா சொன்னது எஸ் புளோக். பிரேமலா ‘எஃப்’ என்றது அவருக்கு ‘எஸ்’ என்றே கேட்டிருக்கிறது.

லோரி ஓட்டுநர் எஃப் புளோக்கில், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில், சிலிண்டரை நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். கதவு பூட்டியிருந்தது. ஜொஹராவை அழைத்தால் லைன் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் ஜொஹரா, லோரியைக் காணோமே என்று அலுவலகத்தை விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்; அங்கேயும் லைன் கிடைக்கவில்லை. வீட்டில் ஆளில்லை என்று நினைத்து ஓட்டுநர் அடுத்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டார். ஜமாலை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உதடு நீலம் பாய்ந்துவிட்டதாம். உயிர் பிழைத்தது.

அன்று மாலையே மதிவாணன் எல்லோர் முன்னாலும் பிரேமலாவின் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டான். “நாளையிலேர்ந்து கிடங்குக்குப் போங்க. அங்க காது தேவையில்ல.”

அவள் அழுதாள். ஜமாலை நினைத்து, தன்னால்தான் என்று நம்பி அழுதாள்.

கணவர் வீடு திரும்பியதும் ஜொஹரா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். படியேறி வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பிரேமலா அலுவலகத்தை ஒட்டிய கிடங்கின் வாசலில் நின்று பார்த்தாள். மதிவாணன் அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனால் அவன் உதடு பிரேமலாவுக்குத் தெரிந்தது. ‘அந்தம்மாவுக்குக் காது கேக்காது. பாவம்னு வேலை குடுத்தேன்.’

பாவமா! பிரேமலா சிலிண்டர் துடைத்துக்கொண்டிருந்த துணியை வீசிவிட்டு நேராக அங்கே போனாள்.

“அக்கா, நான்தான் பிரேமலா. உங்க ஃபோன எடுத்தவ. என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா அதுக்கு முன்னால அன்னிக்குப் பேசின ரெக்கார்டிங்க நாம எல்லாரும் கேக்கணும்.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு அக்கா…” என்று மதிவாணன் இழுத்தான்.

“போடுங்க” என்றார் ஜொஹரா.

போட்டார்கள். ஜொஹரா முகத்தைச் சுளித்தார். “இதுவா என் குரலு? தண்ணித் தொட்டிக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரியில்ல இருக்கு? நான் எஸ்ஸுன்னு சொன்னது எனக்கே எஃப்புன்னு கேக்குதே!”

ஷர்மினி எழுந்தாள். “எனக்கும் ரொம்ப நாளா இப்படித்தான் கேக்குது. பயந்துக்கிட்டு ஓகேன்னு சொல்லிட்டேன்.” பிரேமலா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொலைபேசி அமைப்பைக் கவனிப்பவன் ஆகில், வெளியிலிருந்து வரும் டெக்னீஷியன். பிரேமலா அவனை ஃபோனில் அழைத்து எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். லைனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

“கேமராவுக்கு இன்டர்நெட் பத்தல, கால் கட்டாகுதுன்னு பாஸ் சொன்னாரு. அதான் குரல சுருக்கி அனுப்பற மாதிரி மாத்திவிட்டேன். சவுண்டு கொஞ்சம் மங்கிடும்னு அப்பவே சொன்னேனே. பரவால்ல, கேமராதான் முக்கியம்னாரு.”

பிரேமலா மதிவாணன் பக்கம் திரும்பினாள்.

“தெரிஞ்சிருக்கு” என்றாள். “தெரிஞ்சும் என்னைச் செவிடின்னு சொல்லியிருக்கீங்க. நான் டீ குடிக்கறத வீட்ல உக்காந்து பாக்கறதுக்கு, மூச்சு விடமுடியாம ஃபோன் பண்றவங்க குரல வெட்டியிருக்கீங்க.”

“அக்கா, மிஸ்டேக் ஆயிடுச்சுலா…”

“யாரோட மிஸ்டேக்?”

மதிவாணன் ஜொஹராவைப் பார்த்தான். அவர் நகர்வதாக இல்லை.

“என்னோடதுதான்” என்றான். மருத்துவமனைச் செலவை ஏற்றுக்கொள்வதாகவும் சொல்ல வாயெடுத்தான். “உன் காசு யாருக்கு வேணும்? அவரு முகத்த வந்து பாரு” என்று சொல்லிவிட்டு ஜொஹரா படியிறங்கிப் போனார்.

கேமராக்களுக்குத் தனி இணைப்பு வந்தது. குரலை ஆகில் பழையபடி மாற்றினான். பிரேமலா தன் மேசைக்குத் திரும்பினாள். அன்றே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மதிவாணன் ஒரு செய்தி போட்டான்: வாடிக்கையாளர் நலனுக்காக நம் தொலைபேசி அமைப்பு உயர்தர ஒலிக்கு மேம்படுத்தப்பட்டுள்ளது. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பிரேமலா படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு தன் பெயரில், எல்லோரும் பார்க்க எழுதினாள்:

“மேம்படுத்தல. நீங்க கெடுத்ததத் திருப்பி வச்சிருக்கீங்க.”

அடுத்த அழைப்பு வந்தது. எடுத்தாள்.