மாலை போடாத நாற்பத்திரண்டாம் நாள்

குடிக்கிறவருக்குப் பெண்டாட்டியாக இருப்பதும் ஒரு வேலைதான். அதில் வார லீவும் கிடையாது, ஷிப்ட் மாற்றிவிட ஆளும் கிடையாது. இந்த வேலையில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

அட்மிஷன்

எங்கள் ஊர் ஆந்திராவில் புத்தூர் பக்கம். என் வீட்டுக்காரர் ஏழுமலைக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. குடித்துவிட்டுப் போனதால் இரண்டு தடவை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை என்றால் வேலை போய்விடும். திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட மாடியில், குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிறார்கள் என்று எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து சுகாதார வேலை பார்க்கும் ஆஷாம்மா சொன்னார். "நீ கூட வந்தா வரேன்" என்றார் இவர். நாலு வயசு மகள் ஜோதியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். குடிக்கிறவங்க கூட்டம் எங்கே என்று எந்த வாயால் கேட்பது? ஜோதியை முன்னால் நிறுத்தி, அட்மிஷனுக்கு வந்தோம் என்று தெலுங்கில் சொன்னேன். அவர் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். தமிழிலேயே சொன்னார்: "ஞாயித்துக்கெழமையில என்னாம்மா அட்மிஷன்? அட்மிஷனுக்கு வர்றவங்க புள்ளைக்குத் தல வாரி இட்டாருவாங்க. நீ வூட்டுக்காரருக்கு வாரி இட்டாந்துகிற. மாடிக்குப் போ, மொதல் ரூம்பு."

தேங்காய்

எங்கள் பக்கம் ஆம்பளைகளுக்குக் குடியை விடத் தெரிந்த ஒரே வழி, சபரிமலைக்கு மாலை போடுவது. ஏழுமலையும் மூன்று வருஷம் போட்டார். நாற்பத்தொரு நாளும் தங்கமான மனுஷன். குளிப்பார், பஜனைக்குப் போவார், என்னைக்கூட "மாதா" என்று கூப்பிடுவார். மாலையைக் கழற்றிய மறுநாள், விட்டுப்போனதையும் சேர்த்துக் குடித்துவிட்டு வருவார். மூன்று வருஷமும் அதே நாற்பத்திரண்டாம் நாள்.

இங்கேயும் யாராவது குருசாமி இருப்பார், மந்திரம் சொல்லி ஏதாவது கட்டிவிடுவார் என்று நினைத்து, மஞ்சப் பையில் தேங்காய், கற்பூரம், வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். கூட்டம் நடத்தியவர் ஒரு பஸ் கண்டக்டர். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். பையை நீட்டினேன். ஏழுமலை அவர் காலில் விழக் குனிந்துவிட்டார். கண்டக்டர் அவரைத் தோளில் பிடித்து நிமிர்த்திவிட்டு, பையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இங்க மால போடறது இல்லம்மா. அதனால கழட்டற நாளும் இல்ல. தேங்காய சட்னிக்கு வெச்சுக்க."

பக்கத்து ரூம்

அவர்கள் கூட்டம் ஒரு ரூமில், எங்களை மாதிரி வீட்டுக்காரிகளுக்குப் பக்கத்து ரூமில். ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சு. உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். இரண்டு வாரம் நான் ஜோதிக்குப் பின்னல் போட்டுக்கொண்டே நேரத்தை ஓட்டினேன். மூன்றாவது வாரம், "நீயும் ஒரு வார்த்த சொல்லு" என்றார்கள். வேறெதுவும் வரவில்லை. "தினமும் அவரு வூட்டுக்குள்ள வந்ததும் வாய ஊதச் சொல்லி மோந்து பாப்பேன். இப்பவும் பாக்குறேன். அவரு ரெண்டு வாரமா குடிக்கல, ஆனா எனக்கு நிறுத்தத் தெரில" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. புத்தலப்பட்டிலிருந்து வரும் ஒரு அக்கா தன் செல் நம்பரைச் சீட்டில் எழுதி என் கையில் வைத்தார். "எங்க வூட்டுக்காரரு குடிய வுட்டு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் நான் மோந்து பாக்கறத வுட்டேன். நம்ம வியாதி கொஞ்சம் நீளம்."

நாற்பத்திரண்டு

கழற்றுகிற நாள் இல்லை என்று கண்டக்டர் சொன்னாலும், காலண்டரில் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஏழுமலையும் எண்ணியிருக்கிறார் என்பது நாற்பத்திரண்டாம் நாளன்றுதான் தெரிந்தது. சனிக்கிழமை, கம்பெனி லீவு. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "வரேன்" என்று கிளம்பிவிட்டார். பிராந்திக் கடை இருக்கிற பக்கமாகத்தான் போனார். போன் அடித்தால் எடுக்கவில்லை. புத்தலப்பட்டு அக்காவுக்கு அடித்து அழுதேன். "பின்னாலயே ஓடாத. சோறு ஆக்கு. புள்ளைக்குப் போடு, நீயும் துன்னு" என்றார். ஆக்கினேன், ஜோதிக்குப் போட்டேன். எனக்கு இறங்கவில்லை.

மூணு மணிக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டு, "காலு கடைக்குத்தான் போச்சு. அங்க நின்னுக்கினே இருந்தேன். திருப்பதி பஸ் வந்திச்சு, ஏறிட்டேன். கண்டக்டர் அண்ணன் வூட்ல இருந்துட்டு வரேன்" என்றார். ஊதுங்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஆனால் தினமும் என்னைப் பார்த்துப் பழகிய ஜோதி ஓடிப்போய், "நைனா, ஊது" என்றாள். அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். அவள் மூக்கைச் சுளித்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வேர்க்கடலம்மா. எனக்குக் குடுக்காம துன்னுகிறாரு."

கம்பெனி கேட்டில் அந்த மூன்றாவது தடவை இன்னும் வரவில்லை, வேலை அவருக்கும் இருக்கிறது எனக்கும் இருக்கிறது. என் மூக்குக்கு மட்டும் இப்போது வாரத்தில் ரெண்டு நாள் லீவு கொடுக்கிறேன்.