தலைமையாசிரியை அறைக்குள் போன ரோபோ

இன்று செம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்ஜினியரிங் பக்கம் இழுப்பதற்காக, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்து ஓடும் குட்டி ரோபோ ஒன்றை எடுத்துப் போயிருந்தேன்.

வட்டமாக டேப் ஒட்டி ஓட்டிக் காட்டினேன். ஒரே கைதட்டல். மீதி டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து மறுபடி ஓட விட்டால், ரோபோ பாதி வட்டத்தில் திரும்பி, வாசலைத் தாண்டி, வராந்தாவில் விறுவிறுவென்று போகிறது! நான் பின்னால் ஓட, வகுப்பே என் பின்னால் ஓடி வந்தது.

அது நேராகத் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்து, அவர் செருப்பில் முட்டி நின்றது.

“யாரு பண்ண வேலை இது?”

ரிஸ்வானா என்ற பெண் மட்டும் கை தூக்கினாள்.

“நான்தான் மிஸ். டேப் இருக்கற வரைக்கும் போகும்னு இந்த அக்கா சொன்னாங்க. நெசமான்னு ஒட்டிப் பாத்தேன்.”

திட்டு அவளுக்கா, எனக்கா?

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். “சரி, திரும்பி எப்படிப் போகும்?”

“அதுக்குள்ள டேப் தீந்துடுச்சு மிஸ்.”

அவர் சிரித்துவிட்டார்.

இந்தப் பெண்ணுக்கு என்ஜினியரிங்கில் ஆர்வம் வரவழைக்க நான் இன்னும் என்ன பேச வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.