கொடி கட்டிய கிளை

கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் செயற்கை மரம் செய்வது என் தொழில். உத்திரமேரூரை ஒட்டிய ஊரில், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் செய்கிறேன். மரத்துக்கு ஒரு நோட்டு. கடைசிப் பக்கத்தில், வாங்கியவர் சொன்ன குறையை எழுதுவேன். எங்கள் வீட்டுக் கொய்யா மரத்துக்கு நோட்டுப் போட்டது போன வருடம்தான்.

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று தாம்பரம் போன என் மனைவிக்கு அங்கே மூன்றாவது வருடம் நடந்தது. ஒரு நாள் போனில் கேட்டாள்.

"இன்னாங்க, ஊருக்கெல்லாம் மரம் செய்றீங்க. எனுக்கு நம்ம கொய்யா மரத்த செஞ்சிக் குடுங்களேன். ஹால்ல வெச்சிக்கினா நம்ம வூட்ல கீற மாதிரி இருக்கும்."

மரத்தைப் பார்க்கவாவது வருவாள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் அளவெடுத்தேன். மரம் பதினான்கு அடி. தாம்பரத்தில் மகள் வீட்டுக் கூரைக்கு ஏழுதான் கொள்ளும். எல்லாவற்றையும் பாதியாக்கினேன், இலையைத் தவிர. இலை சிறுத்தால் மரம் பொம்மையாகிவிடும். பட்டைமேல் ரப்பர் பால் தடவி, காய்ந்ததும் உரித்து அச்செடுத்தேன். இலைகளைத் துணியில் வெட்டி, ஜோடி ஜோடியாகக் கட்டினேன். பழுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் அதனதன் இடத்தில்.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். கிணற்றுப் பக்கம் தாழ்ந்து நீளும் கிளை. அதில்தான் அவள் துணிக்கொடி கட்டினாள். கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. 'அந்தக் கிளை எங்கே' என்று கேட்பாள். 'அங்கேயே கீது, வந்து பாரு' என்று சொல்ல வேண்டும். லோடு ஆட்டோவில் தாம்பரம் வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மூன்று துண்டாகக் கொண்டுபோனதை ஹால் மூலையில் பூட்டி நிறுத்தினேன்.

"அம்மா, இங்க பாரேன், பூச்சி தின்ன ஓட்டயக்கூட நைனா வுடல!" என்றாள் மகள்.

"உங்க நைனா கொழம்புல உப்பு போட மறப்பாரு. இதெல்லாம் மறப்பாரா?"

மனைவி மரத்தைச் சுற்றி வந்தாள். முந்தானையால் இலைகளைத் துடைத்தாள். கிளை இல்லாத இடத்தில் பட்டையைத் தடவிவிட்டு அடுத்த கிளைக்குப் போனாள்.

"எல்லாம் சரியா கீதா?" என்றேன்.

"அப்டியே கீதுங்க. ஒண்ணும் கொறையில்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். எத்தினி வாட்டி கேப்பீங்க?"

பொங்கலுக்காவது வருகிறாயா என்று கேட்டேன்.

"கொழந்தய வுட்டுட்டு எப்டி வர்றது? மரமே இங்க வந்துடுச்சி. நீங்களும் வந்துடுங்க" என்று சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை நோட்டின் கடைசிப் பக்கத்தில், குறை என்பதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதினேன். பிறகு ஒரு வேட்டியும் இரண்டு சட்டையும் துவைத்துக் கொடியில் போட்டேன். பதினெட்டடிக் கொடி. கிணற்றுப் பக்கம் ஐந்தடிக்குள் என் துணி முடிந்துவிட்டது.