சந்தனச் சோப்பு வந்த பக்கம்

“வாசிக்கிறது ஒண்டு, விளங்கிறது இன்னொண்டு, பிள்ளை.”

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற வாசகர் வட்டத்துக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, அதன் தலைவர் என்னிடம் இப்படிச் சொன்னார். ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர் அவர். எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எந்த ஊர் என்று கேட்டார். குருநகர் என்றேன். தகப்பன் என்ன செய்கிறார் என்றார். கடற்றொழில் செய்தவர், இப்போது உயிரோடு இல்லை என்றேன். தாய்? நண்டுக் கொம்பனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிறா. அதற்குப் பிறகுதான் அந்த வசனம் வந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையின் தலையைத் தடவிவிடுவதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழக வாசலுக்குள் போன முதல் ஆளும் நான்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குப் பிரதேச செயலகத்தில் மேசையும் கதிரையும் இருக்கின்றன. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆகவே ஐயாவின் வசனத்தைச் சும்மா விட்டுவிட முடியவில்லை. வட்டத்தின் அலுமாரியில் புதிதாக வந்திருந்த நாவல்களில் வகைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு விளங்குகிறதா இல்லையா என்று காட்டிவிட வேண்டும்.

அப்போது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் மணல் வந்து விழும். புத்தகத்தைத் தட்டித் தட்டித்தான் வாசித்தேன்.

அம்மாவிடம் ஒரு சொல் இருக்கிறது: அரியண்டம். அழுகிய மீனுக்கு அதைச் சொல்லமாட்டா. அழுகிய மீனை எறிந்துவிட்டுக் கையைக் கழுவினால் சரி. ஒழுங்கை முனையில் நின்று, போகிற வருகிற எங்களைப்போன்ற பெண்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சொல். கழுவினாலும் போகாத அருவருப்பு அது. அந்த நாவல்களை வாசித்து முடித்த மாதங்களில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

சரித்திர நாவலில் ஓர் இளவரசி வந்தாள். அவளுடைய இடையைச் சொல்ல ஆசிரியருக்கு ஓர் அத்தியாயம் போதவில்லை. குதிரையில் ஏறினாலும் இடை, அழுதாலும் இடை. தகப்பன் போரில் விழுந்த செய்தி கேட்டு அவள் மயங்கிச் சாயும்போதும் இடைதான். எங்கள் ஆட்களும் அதில் வருகிறார்கள். தோணிகளில் பந்தம் பிடித்துக்கொண்டு வந்து, அரசனுக்காக உயிரையும் கொடுப்போம் என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். அடுத்த பக்கத்தில் கொடுத்தும் விடுகிறார்கள். ஒருவருக்கும் முகமில்லை.

துப்பறியும் நாவலைப் பேப்பரால் உறை போட்டுத்தான் பஸ்ஸில் கொண்டுபோனேன், அட்டைப்படம் அப்படி. கொழும்பில் ஒரு தொடர்மாடி, குளியலறையில் செத்துக்கிடக்கும் ஒரு பெண். மணவறையில் இருக்கும் பொம்பிளையைப் பார்ப்பதுபோல ஆசிரியர் அவளைப் பார்க்கிறார். ஈரக் கூந்தல், கழுத்து, பாதம் என்று ஒவ்வொன்றாய் நின்று நின்று போகிறார். கொலைகாரன் யார் என்பது எனக்குப் பாதியிலேயே மறந்துவிட்டது. இதை எழுதியவரோடு ஒரே பஸ்ஸில் போக நேர்ந்தால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

இன்னும் முந்நூறு வருடம் கழித்து நடக்கிற விஞ்ஞானக் கதையும் ஒன்று இருந்தது. வேறொரு கிரகத்துக்குக் கப்பல் போகிறது. கப்பலில் ஒரேயொரு பெண், அவளும் விஞ்ஞானி. அவள் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். முந்நூறு வருடம்!

போரைப் பற்றிய நாவலை எடுக்கும்போது கை மெதுவாகத்தான் போனது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் கடலுக்குப் போக அப்பாவுக்கு இராணுவத்தின் பாஸ் வேண்டும். பாஸ் இல்லாத நாட்களில் அவர் கடற்கரையில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார். அப்படி யாராவது அந்தக் கதையில் நிற்பார்கள் என்று தேடினேன். சனங்கள் இருந்தார்கள், துண்டு துண்டாக. கை ஓரிடம், கால் ஓரிடம். ஒவ்வொன்றையும் ஆசிரியர் ஓர் அழகான உவமையால் மூடியிருந்தார். சுவரில் தெறித்த இரத்தம் செவ்வரத்தம்பூவாம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் முற்றத்தில் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. பல நாட்கள் அதைப் பார்க்கவே மனம் வரவில்லை. முகம் தெரியாத ஒருவர் வந்து என் முற்றத்துச் செடியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காதல் நாவலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலை முடிந்து வந்து, நண்டு ஓடு குத்திய விரல்களை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அம்மா இருப்பா. அந்த நேரத்தில் என்ன வாசித்தாலும் கேட்பா. இது முதலில் இணையத்தில் தொடராக வந்து, பிறகு புத்தகமானது. கதாநாயகன் பணக்காரன், கோபக்காரன். தனக்குப் பிடித்த பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் ஓர் அறையில் பூட்டி வைக்கிறான்.

“உவன் அவளுக்கு அறைஞ்சிட்டானோ?” என்று அம்மா கேட்டா.

“ஓம்.”

“பிறகு?”

“பிறகென்ன, மன்னிப்புக் கேக்கிறான். இவள் அவன்ரை நெஞ்சிலை விழுந்து அழுகிறாள். அரியண்டம் அம்மா. நான் நிப்பாட்டப்போறன்.”

“நிப்பாட்டாதை, வாசி.”

“பிள்ளையைக் கொண்டுபோய்ப் பூட்டி வைச்சவன் அம்மா!”

“எனக்கென்ன காது செவிடே? வாசி எண்டன்.” விரல்களைத் தண்ணீருக்குள் பிசைந்துகொண்டே, “கடைசியிலை திருந்துவானெல்லே?” என்றா.

“திருந்துவான். உந்தப் புத்தகங்களிலை எல்லாரும் திருந்துவினம்.”

“அப்ப கேப்பம். கதையிலை எண்டாலும் ஒருத்தன் திருந்தட்டும்.”

அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவுக்கு அடிப்பார். திருந்துவதற்கு முன் செத்துப்போனார். நான் மிச்சத்தையும் வாசித்தேன். அவன் திருந்தினான், அம்மா கண்ணைத் துடைத்தா. எனக்கோ அந்தப் புத்தகத்தின்மேல் இருந்த வெறுப்பு இன்னும் கூடியது. அம்மாவைப் போன்றவர்கள் எதற்கு ஏங்குகிறார்கள் என்று யாரோ நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதையே அவர்களுக்கு விற்கிறார்கள்.

இவற்றையெல்லாம் வட்டத்தில் பேசினேன். தேநீர் ஊற்றிய விஞ்ஞானியைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். “பரவாயில்லை, பிள்ளைக்கு நல்லா விளங்குது” என்றார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது எனக்குத் தெரியவேயில்லை. அடுத்த மாதம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தானும் ஒரு நாவல் எழுதி முடித்திருப்பதாகச் சொன்னார். கடற்கரைச் சனங்களின் வாழ்க்கையாம். நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு வெளியீட்டு விழா. நயப்புரை நான் செய்ய வேண்டும்.

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரவேற்புரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை எல்லாம் முடிந்து நயப்புரை வரும். அதில் நூலின் சிறப்பை எடுத்துச் சொல்ல வேண்டும். குறையிருந்தால் கடைசியில், எழுத்துப் பிழைகள் அடுத்த பதிப்பில் திருத்தப்படும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வார்கள். இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சம்மதித்தேன். அழைப்பிதழ் அச்சாகி வந்தது. பெரிய மனிதர்களின் பெயர்களோடு என் பெயர், பின்னால் பட்டத்தோடு. அம்மா அதைத் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தா. வருகிறவர்களிடமெல்லாம் கையால் காட்டி, “உதிலை ரெண்டாவதாக் கிடக்கிறது என்ரை பிள்ளையின்ரை பேர்” என்பா. உண்மையில் அது ஐந்தாவது. நான் திருத்தவில்லை.

ஐயாவின் புத்தகம் அழைப்பிதழுக்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. பாதிவரை நானே வாசித்து முடித்திருந்தேன். அன்று பின்னேரம் அம்மா, “பேர் போட்ட புத்தகத்தை எனக்கும் வாசி” என்று வந்து இருந்தா.

கதை இதுதான். நல்லூர்ப் பக்கத்து உத்தியோகத்தன் ஒருவன் கடற்கரைப் பெண்ணொருத்தியைக் காதலித்து, வீட்டாரை எதிர்த்து மணம் முடிக்கிறான். அந்த இடம்வரை அம்மா சந்தோசமாகக் கேட்டா. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

“ஏன் ரெண்டா பிரட்டினனீ?”

“ஒட்டிக்கொண்டு கிடக்கு அம்மா.”

“எனக்கு எழுத்துத்தான் தெரியாது. கண் தெரியும். பிரிச்சு வாசி.”

வாசித்தேன். மணமான அன்று பின்னேரம் அவன் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகிறான். வாளியால் அள்ளி வார்க்கிறான். சந்தனச் சோப்பை எடுத்து ஒருமுறை போடுகிறான். முகர்ந்து பார்க்கிறான், மீன் மணம் போகவில்லை. இரண்டாம் முறை போடுகிறான். மூன்றாம் முறை போட்டு முகர்ந்த பிறகுதான் சிரிக்கிறான். அவள் நன்றியில் அழுது அவன் காலைத் தொடுகிறாள். அன்றுதான் அவள் கரையேறினாள் என்று அத்தியாயம் முடிகிறது.

அம்மா உப்புத் தண்ணீரிலிருந்து கையை எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா. பிறகு என்னைப் பார்த்து, “அப்ப உதை எழுதின மனிசன் மீன் தின்னிறேல்லையோ?” என்றா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா தின்பார். திருவிழாக் கொடியேறி விரதம் தொடங்கும்வரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல்நாள் எனக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும்: “பிள்ளை, நல்ல விளைமீன் பட்டா வரேக்கை கொண்டுவாரும்.” ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு போவேன். அவருடைய மனைவி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மீன் மணம் போக அம்மா காலையில் தேசிக்காயை வெட்டி என் உள்ளங்கையில் தேய்த்துவிடுவா. அப்படியும் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். அந்தக் கைக்குட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவள் சின்னப் பிள்ளை. இவர் பேரப்பிள்ளைகள் கண்டவர். அதையே எழுதி, புத்தகமாக்கி, என் கையில் தந்து, நய என்கிறார். மற்ற நாவல்களை எழுதியவர்களுக்கு என்னைத் தெரியாது. இவருக்கு என்னைத் தெரியும்.

திருவிழா முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். பேசப்போவதை முன்கூட்டியே தனக்குச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

“மீன் கொண்டுவரேல்லையோ?” என்று பகிடியாகத் தொடங்கினார்.

“இல்லை ஐயா. அந்தக் கிணத்தடி வாற பக்கத்தைப் பற்றிக் கதைக்க வந்தனான்.”

“ஆ, அதுதானே கதையின்ரை உயிர். எத்தினை பேர் அழுதவை தெரியுமோ?”

“எனக்கு அரியண்டமா இருந்தது ஐயா. மேடையிலை அதைத்தான் சொல்லுவன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, நான் உங்கடை ஆக்களை உயர்த்தியெல்லே எழுதியிருக்கிறன்.”

“உயர்த்திறதுக்கு முதல் கழுவியிருக்கிறியள்.”

“நயப்புரையிலை உப்பிடிக் கதைக்கிற வழக்கம் இல்லை.”

“அப்ப மதிப்பீட்டுரை எண்டு மாத்துங்கோ.”

“கார்ட் அடிச்சுக் குடுத்தாச்சு.” கண்ணாடியைத் திரும்பப் போட்டார். “நான் அண்டைக்கே சொன்னன், வாசிக்கிறது ஒண்டு, விளங்கிறது இன்னொண்டு எண்டு. சரி, விடும். அண்டைக்கு உமக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம். ஒருத்தருக்கும் மனவருத்தமில்லை. நீர் வழக்கம்போல வட்டத்துக்கு வரலாம்.”

காய்ச்சல் என்று சொல்லாவிட்டால் வரமுடியாது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. அந்த மேல்மாடி அறையை விட்டால், வாசித்ததைப் பற்றி வாய்திறந்து பேச எனக்கு இந்த ஊரில் வேறு இடமில்லை. அலுவலகத்தில் சம்பளத்தையும் இடமாற்றத்தையும் பற்றித்தான் பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். காய்ச்சல் என்றே சொல்லிவிடு, பெரிய ஆட்களோடு எதற்குச் சண்டை என்பா என்று நினைத்தேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில் இருந்த அழைப்பிதழை எடுத்துத் தூசு தட்டினா.

“காய்ச்சல் எண்டு சொன்னா, இதிலை கிடக்கிற உன்ரை பேர் பொய்யாப் போகும்.”

“வட்டத்துக்கு இனிப் போகேலாது அம்மா.”

“எனக்கு வாசிக்கிறதுக்குப் புத்தகம் எங்கை எடுப்பாய்?”

“பொது நூலகத்திலை எடுப்பன்.”

“அப்ப சரி” என்று அம்மா மீன் வெட்டப் போய்விட்டா.

நேற்று அலுமாரிப் புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். காதல் நாவலை மட்டும் வைக்கவில்லை. அம்மா இன்னொரு தரம் கேட்கவேண்டுமாம். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாசிப்பேன்.

இன்று காலை அலுவலகம் போகும் பஸ்ஸில் இருந்து ஐயாவுக்குச் செய்தி அனுப்பினேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நேரத்துக்கு வருவேன். கிணற்றடிப் பக்கத்தை முழுதாக வாசித்துவிட்டு, எனக்கு விளங்கியதைச் சொல்வேன். என் பெயரை நீக்குவதென்றால் அதை நீங்களே மேடையில் சொல்லுங்கள். முன்வரிசையில் அம்மாவுக்கு ஒரு கதிரை வேண்டும்.

அவர் பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. அம்மா கொம்பனியில் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டு எடுத்துவிட்டா.