கொடி வண்டியை யாரும் முந்தக் கூடாது

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஐரின் வீடு எது என்று கேட்டால் எந்த ஐரின் என்பார்கள். கார் ஐரின் என்று சொல்லிப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். வயது அறுபத்திரண்டு. உயரம் போதாது, ஓட்டுகிற சீட்டில் தலையணை போட்டுத்தான் உட்காருவாள். உட்கார்ந்துவிட்டாளோ, லாரிக்காரர்கள் தாமாகவே ஓரங்கட்டுவார்கள். ஒருமுறை ஹெப்பகோடி பக்கம் அவள் அடித்த ஹார்னில் மேம்பாலம் இரண்டு அங்குலம் நகர்ந்துவிட்டது. நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம்.

கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மயிரிழையைவிட மெல்லிய சுருளை இடுக்கியால் எடுத்து வாட்சுக்குள் வைக்கிற வேலை. பேட்டரி வாட்ச் வந்த புதிதில் அங்கிருந்த பெரிய தலைகள் எல்லாம், "சாவி கொடுக்காத வாட்சும் ஒரு வாட்சா?" என்று சிரித்தார்களாம். இன்றைக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பது கேட்டில் தொங்கும் பூட்டு ஒன்றுதான். பூட்டு வந்த பிறகும் அந்தச் சிரிப்பை ஐரின் மறக்கவில்லை.

அவள் புருஷன் ஓஸ்வால்ட் தங்கமான மனிதர். கிளட்ச் எந்தக் காலுக்கு என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் கோயில் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு கார்களில் வரிசையாக வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போது, முன்னால் போனது எப்போதும் 'ஓஸ்வால்ட் வண்டி'. அதன் பானட்டில்தான் மாதாவின் நீலக்கொடி. இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: கொடி வண்டியை யாரும் முந்தக் கூடாது. அந்த வண்டியை அத்தனை வருஷமும் ஓட்டியவள் ஐரின். ஓஸ்வால்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். இருந்தும் வண்டிக்குப் பெயர் ஓஸ்வால்ட் வண்டி.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இந்த வருஷம் பழைய டீசல் வண்டியை விற்றுவிட்டு ஐரின் ஓர் எலக்ட்ரிக் கார் வாங்கினாள். பச்சை நம்பர் பிளேட். சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். குரைக்க நேரம் கிடைக்காத அவமானத்தில் எங்கள் தெருநாய்கள் இரண்டு காக்ஸ் டவுனுக்கே குடிபெயர்ந்துவிட்டன.

எங்கள் கோயிலில் ரெண்டாம் பூசை முடிந்ததும் இன்னொரு பூசை உண்டு. பேக்கரி ஓரத்து மரத்தடியில், யாருடைய கார் பானட்டையாவது திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் சுற்றி நிற்பார்கள். கையில் டீ, வாயில் காரா பன், தலைக்குள் உலகத்துக் கார்கள் அத்தனையும். இந்தச் சபைக்குத் தலைவர் கில்பர்ட், ஓஸ்வால்ட்டின் சித்தப்பா மகன். அவருடைய பெரிய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆனால் ஃப்ரேசர் டவுனில் காயப்போட்ட வேட்டி கறுத்துவிடும். அடுத்தவர் ஆம்ப்ரோஸ். தன் பழைய பெட்ரோல் காரைக் கட்டின பெண்டாட்டியைவிடப் பக்குவமாகப் பார்த்துக்கொள்பவர். மூன்றாவது ஜாய்சன், ஐ.டி. கம்பெனிக்காரன். இன்னும் சொந்தமாகக் கார் வாங்கவில்லை. ஆனால் சந்தைக்கு வரப்போகும் மாடல்கள் எல்லாம் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வரும்.

ஐரினின் புதுக் காரை அந்த ஞாயிற்றுக்கிழமை சுற்றி வளைத்தார்கள்.

"பானட்டத் திறங்க அண்ணி, எஞ்சினப் பாப்போம்," என்றார் கில்பர்ட், எஞ்சின் இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

ஐரின் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடிக்குக் கீழே ஒரு குடை, ஒரு பாக்கெட் ரஸ்க்.

"எஞ்சின் எங்கக்கா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"எஞ்சின் இல்ல. ரஸ்க் இருக்கு, எடுத்துக்கோ."

"என்னக்கா இது! தள்ளு வண்டி கூட கீச்சுனு கத்தும். டர்ர்னு ஒரு சத்தம் கேட்டாத்தானே வண்டி ஓடுதுன்னு நம்பிக்கை வரும்?"

"உன் வண்டி டர்ர்னு கேட்டா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல ஆம்ப்ரோஸ். சைலன்சர் ஓட்டைன்னு அர்த்தம்."

ஜாய்சன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆன்ட்டி, நீங்க ஆறு மாசம் வெயிட் பண்ணிருக்கணும். புது பேட்டரியோட அடுத்த மாடல் வருது. ரேஞ்ச் ஏறக்குறைய டபுள்."

"உனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சப்பவும் இதையேதான் சொன்ன, அடுத்த மாடல் வரும்னு. வந்துதா?"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. கில்பர்ட் மட்டும் விடவில்லை. "எட்டு வருஷம் கழிச்சு பேட்டரி போச்சுன்னா என்னா பண்ணுவீங்க?"

"எட்டு வருஷம் கழிச்சு என் முட்டியே இருக்குமான்னு தெரியல. பேட்டரிக்காவது வாரண்டி குடுத்திருக்கான்."

"மழைக்கு அண்டர்பாஸ்ல தண்ணி நின்னா?"

"உன் டீசல் மட்டும் நீந்துமா? போன மழையில அதக் கயிறு கட்டி இழுத்தது யாரு?"

கில்பர்ட் டீ டம்ளரைப் பக்கத்துத் திண்டில் வைத்தார். குரல் மாறியது. "சரி அண்ணி, விளையாட்டு போதும். வேளாங்கண்ணிக்கு இந்த வண்டி சரிப்படாது. நடுவுல நடுவுல சார்ஜ் போட நிக்கணும். அத்தனை வண்டியும் உங்களுக்காகக் காத்துட்டு நிக்குமா? இந்த வருஷம் கொடி என் வண்டில இருக்கட்டும். நீங்க பின் சீட்ல ஹாயா ஜெபமாலை சொல்லிட்டு வாங்க. ஓஸ்வால்ட் அண்ணன் இருந்தா இதையேதான் சொல்லிருப்பாரு."

"உங்கண்ணன் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டார். ஆரஞ்சு உரிச்சிருப்பார்."

பின் சீட் என்ற வார்த்தை அவளை எங்கே போய்த் தைத்தது என்று அவளுடைய பழைய சிநேகிதி எனக்குத் தெரிந்தது. பானட்டைப் பட்டென்று சாத்தினாள்.

"கேளு கில்பர்ட்டு. கொடி என் வண்டிலதான் வரும். என் வண்டிக்காக நீங்க எங்கயாவது ஒரு நிமிஷம் காத்திருந்தாலும் நடுரோட்லயே கழட்டி உன் கையில தந்துடறேன். உன் பின் சீட்லயே வரேன். ஆனா உன் வண்டிக்காக நான் காத்திருக்கிற மாதிரி ஆச்சுன்னா, நான் ஸ்டீயரிங்க விடற நாள் வரைக்கும் கொடியப் பத்தி நீ வாயத் திறக்கக் கூடாது."

"டன், அண்ணி," என்றார் கில்பர்ட், அப்போதே கொடி கைக்கு வந்துவிட்டது போல.

செப்டம்பரில் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். கொடி வண்டியின் பின் சீட்டில் நான். மடியில் புளிசாதத் தூக்கு. ஆகவே இனி வருவதில் பாதிக்குமேல் உண்மை.

"சார்ஜுக்கு எங்கடி நிப்ப?" என்று கேட்டேன்.

"நான் ஏன் நிக்கணும்? பெட்ரோல் காரு நிக்காதுதான், அதுக்குள்ள இருக்கிற ஆம்பளைங்க நிப்பாங்க. இவங்க வயிறு எங்கெங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கிருஷ்ணகிரி தாண்டி, கில்பர்ட் வருஷா வருஷம் தோசை சாப்பிடும் ஹோட்டல். அதன் வாசலிலேயே இப்போது சார்ஜர் நிற்கிறது. ஐரின் வயரை மாட்டிவிட்டு உள்ளே வந்தாள். கில்பர்ட் நெய்த்தோசை சாப்பிட்டு, வடை சாப்பிட்டு, காபி குடித்து, சுகர் மாத்திரை வண்டியில் இருப்பது ஞாபகம் வந்து, போய் எடுத்து வந்து, இன்னொரு காபி குடித்தார். அவருக்கு முன்னால் கார் சாப்பிட்டு முடித்துவிட்டது. நாமக்கல்லில் டீ, அங்கேயும் அப்படியே. அங்கேதான் கில்பர்ட்டுக்கு விஷயம் உறைத்தது. டீயை நின்றபடியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

திருச்சியில் மதியச் சாப்பாடு. அந்த ஹோட்டல் சார்ஜரில் 'பழுது' என்று தாள் ஒட்டியிருந்தது.

ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். தூரத்துச் சொந்தத்தின் சாவு வீட்டில் முகத்தை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸ் தாளைத் தடவிக்கூடப் பார்த்தார். கில்பர்ட் சந்தோஷத்தில் மூன்று டம்ளர் மோர் குடித்தார். இந்த மூன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாய்சன் டாஷ்போர்டைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "ஆன்ட்டி, இப்ப இருக்கற சார்ஜுல தஞ்சாவூர் தாண்டலாம். வேளாங்கண்ணி போகாது. தஞ்சாவூர்ல ஒரு சார்ஜர் இருக்கு. முக்கா மணி நேரம் ஆகும்."

"முக்கா மணி நேரம் நாங்க காத்திருக்கணும்," என்றார் கில்பர்ட். கை கொடியின் முடிச்சுக்குப் போய்விட்டது. "பேச்சு பேச்சுதானே அண்ணி?"

"கைய எடு. தஞ்சாவூர்ல நான் நிக்கிறேன்னு யாரு சொன்னா?"

கிளம்பினோம். முதல் வேலையாக ஏசியை அணைத்தாள். கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள், காற்று அடித்தால் வண்டி இழுக்குமாம். நான் திருச்சியில் மனுஷியாக ஏறித் தஞ்சாவூரில் மெழுகுவர்த்தியாக இருந்தேன். பிறகு வேகத்தைக் குறைத்தாள். நாற்பது. மெதுவாகப் போனால் இந்த வண்டி அதே சார்ஜில் வெகுதூரம் போகும்; அவள் அதைப் பல நாள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள்.

கொடி வண்டி நாற்பதில் போனால், வேளாங்கண்ணி போகிற வரிசை மொத்தமும் நாற்பதில்தான் போக வேண்டும். சட்டம் அது. பின்னால் ஹார்ன் ஆரம்பித்தது. பிறகு போன் வந்தது.

"அண்ணி, வைக்கோல் டிராக்டர் நம்மளத் தாண்டிப் போவுது!"

"போகட்டும். டிராக்டருக்குச் சட்டம் இல்ல, உனக்கு இருக்கு. ஆசையா இருந்தா முந்திக்கோ."

முந்துவாரா? டீசல் இருக்கிறது, குதிரைசக்தி இருக்கிறது, மாதாவின் கொடியைத் தாண்டிக்கொண்டு மாதாவிடம் போகிற தைரியம் மட்டும் இல்லை.

"இது அநியாயம் அண்ணி. உங்களுக்காக நாங்க காத்திருக்கோம்!"

"காத்திருக்கல கில்பர்ட்டு. வந்துக்கிட்டிருக்க."

போனை வைத்துவிட்டு, "ஐம்பத்து மூணு மணி ஆரம்பி," என்றாள் என்னிடம். நான் ஜெபமாலையை எடுத்தேன். ஒவ்வொரு தேவரகசியத்துக்கும் டாஷ்போர்டில் ஒரு புள்ளி குறைந்தது. பத்து மணிகளுக்கு நடுவே நான் சார்ஜைப் பார்த்ததை மாதா மன்னிப்பாள். அன்று ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய், டீ குடித்து, திரும்பவும் முந்தினார்.

தஞ்சாவூர் தாண்டியதும் பின்னால் ஹெட்லைட் மினுங்கியது. மறுபடி போன். கில்பர்ட் வண்டியில் உட்கார்ந்திருந்த ஜாய்சன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் ஓரமா நிறுத்தலாமான்னு கில்பர்ட் அங்கிள் கேக்கறாரு."

"ஏனாம்?"

போனில் குசுகுசு. "சும்னே, ஆன்ட்டி." சும்மா என்பதற்கு எங்கள் ஊர்க் கன்னடம்.

"சும்னேன்னா சும்னே ஓட்டச் சொல்லு."

சுகர் உடம்பு, மூன்று டம்ளர் மோர், நாற்பது கிலோமீட்டர் வேகம். எந்தப் பிடிவாதமும் இதைத் தாங்காது. ஒரு புளியமரத்துப் பக்கம் அந்தப் பெரிய டீசல் வண்டி வரிசையை விட்டு விலகி நின்றது. கதவு திறந்தது. கில்பர்ட் மரத்துக்குப் பின்னால் ஓடின வேகத்தைப் பார்த்தால் அவருக்குக் காரே தேவையில்லை.

ஐரினும் ஓரங்கட்டினாள். பின்னால் எல்லா வண்டியும் நின்றது. அவள் இறங்கி, கொடிக்குப் பக்கத்தில் பானட்டில் சாய்ந்துகொண்டு, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரித்தாள். தோலை ஒரே சுருளாக, வாட்சுக்குள் வைக்கிற சுருள் மாதிரி.

கில்பர்ட் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"அவசரமே இல்ல கில்பர்ட்டு," என்றாள், கடைசிக் காருக்கும் கேட்கிற மாதிரி. "நான் காத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஐரின் பாதி ஆரஞ்சை அவர் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

வேளாங்கண்ணிக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. டாஷ்போர்டில் மூன்று சதவீதம். ஜீவனஹள்ளியில் நான் ஒன்று என்று சொல்லிவருகிறேன். லாட்ஜ் மேனேஜர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பிளக் கிடையாது என்றார். ஐரின் லாட்ஜைச் சுற்றிப் பார்த்தாள். கார் நிற்கிற இடத்தை ஒட்டிக் கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை. ஏசி அறை. கில்பர்ட்டின் அறை.

ஜன்னலைத் தட்டினாள். திறந்தது.

"உன் ரூம்ல ஏசி மாட்டுற பெரிய பிளக் இருக்கும். அதக் கழட்டு."

"அண்ணி, புழுக்கமா இருக்கே..."

"கைவிசிறி தரேன். திருச்சிலேருந்து மூடின கண்ணாடிக்குள்ளயே வந்தவ ஒருத்தி இங்க இருக்கா, அவகிட்ட கேளு, ஏசி இல்லாம இருந்தா சாகறதில்லன்னு சொல்லுவா," என்று என்னைக் காட்டினாள். வயரின் நுனியை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள்.

கில்பர்ட் அந்த வயரைப் பார்த்தார். பானட்டில் கடற்காற்றுக்குப் படபடத்துக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்பது பேச்சு. வயரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"லூசா இருக்கு அண்ணி. எந்தப் பக்கம் அழுத்தணும்?"

"நேரா அழுத்து. கெட்டியா சொருகு."

காரின் முகத்தில் பச்சை விளக்கு எரிந்தது.